பதினோராவது மோட்டார் பெட்டி

மொத்தம் பதினோரு பெட்டிகள். பத்தை மூன்றே நாளில் போய்ப் பிடித்துவிட்டேன். பதினோராவது பெட்டி இருந்த மோட்டார் கொட்டகையில் நான்கு திருகாணித் துளைகளும், சுவரில் ஒயர் போன தடமும்தான் மிச்சம். பெட்டியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதை என்னிடம் வாங்கிய அக்காவின் நம்பருக்கு அடித்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவு செய்த குரல்.

அந்தப் பெட்டி இப்போது எந்தச் சுவரில் இருந்தாலும், நிறுத்தி வைத்த மோட்டாரைத் தானாக ஓடவிடக்கூடும். அந்த அக்காவோ தன் மோட்டாரில் தானே கை வைத்துப் பழுது பார்க்கிறவர். ஏற்கெனவே ஒருவருடைய கை போயிருந்தது. இரண்டாவது கை போவதற்குள் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் பத்தாவதில் கணக்கில் பெயிலானவன். திரும்ப எழுதவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் செல்போன் ரிப்பேர் கடை, மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்குக்குக் கையாள், திரும்பி வந்து நாகப்பட்டினத்தில் படகு எஞ்சின் வேலை. எங்கேயும் மூன்று வருடம் தாண்டியதில்லை. பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை, கூட இருந்தவர்களும் கிடந்தார்கள். கடைசியில் தஞ்சாவூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில், பின்பக்கம் ஒரு மேசை போட்டுக்கொள்ள இடம் கிடைத்தது.

அந்த மேசையில்தான் பெட்டியைச் செய்தேன். உள்ளே தீப்பெட்டி அளவு ஒரு போர்டு. அதில் ஏற்றுகிற புரோகிராமை எங்கோ குளிர் நாட்டில் நாலைந்து பேர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். திறந்து பார்க்கலாம், மாற்றலாம், தெரியாததைக் கேட்கலாம். சர்டிபிகேட் எங்கே என்று கேட்காத இடங்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. அதனால் அந்தப் பக்கத்தை நான் கோயிலுக்குப் போகிற மாதிரி தினமும் போய்ப் பார்ப்பேன்.

பெட்டி செய்கிற வேலை எளிது. வீட்டிலிருந்தபடியே போனில் தட்டினால் வயல் கொல்லையில் மோட்டார் ஓடும். இன்னொரு தடவை தட்டினால் நிற்கும். ஆட்டோ சுவிட்ச் என்று ஒன்று எங்கள் பக்கம் எல்லாக் கொட்டகையிலும் உண்டு. மூன்று பேஸ் கரண்ட் வந்ததும் அது கேள்வி கேட்காமல் மோட்டாரை ஓட்டிவிடும். என் பெட்டி அப்படி இல்லை. நிறுத்தினால் நிறுத்தியது நினைவிருக்கும். கரண்ட் நூறு தடவை போய் வந்தாலும், நீங்கள் சொல்லாமல் ஓடாது. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லித்தான் விற்றேன்.

முதல் பெட்டியை வாங்கியவர் திருவையாற்றுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருந்த ஒருவர். உறவு ஒன்றுமில்லை, மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய கொட்டகையில் இரண்டு குறுவையும் ஒரு சம்பாவும் பெட்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்போது அதில் இருந்தது ஒன்று புள்ளி நான்கு என்ற எண்ணுள்ள புரோகிராம்.

அந்த எண்ணை நான் யாரிடமும் சொல்லியிருக்க வேண்டாம். பெட்டி மூடியில் சின்னதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் எண்ணைக் கண்டால் விடமாட்டார்கள். நெல்லுக்கு எண்தான் பெயர். முப்பத்தாறு போட்டிருக்கேன், நாற்பத்தஞ்சு போட்டிருக்கேன் என்றுதான் பேச்சு. அந்த எண் சும்மா வருவதில்லை. ஒரு ரகம் ஆராய்ச்சிப் பண்ணை வயலில் வருடக்கணக்கில் கிடக்கும். பிறகு நாலைந்து விவசாயிகளின் நிலத்தில், வரப்பில் போர்டு நட்டு, சோதனை என்று எழுதி, போட்டுப் பார்ப்பார்கள். தோற்றுப்போன ரகங்களை யாரும் கேள்விப்படவே மாட்டோம். பாஸானதற்கு மட்டும்தான் வெளியே புழங்குகிற எண் கிடைக்கும், மூட்டையில் நீல அட்டை தைத்து விதை டிப்போவுக்கு வரும். ஆகவே பெரிய எண் என்றால் பிந்தி வந்தது, பிந்தி வந்தது என்றால் பார்த்து முடித்தது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நெல்லோடு வளர்ந்த புத்தி அது.

அதனால் டீக்கடையில் என்னைப் பிடித்துவைத்துக் கேட்டார்கள்.

"ஒன்னோட பொட்டி என்னப்பா நம்பரு?"

"ஒன்று புள்ளி நாலு."

"இன்னும் ஒண்ணுலயேவா கெடக்குற? அடுத்தது வரலையா?"

"எழுதிக்கிட்டு இருக்காங்க, வரும்."

"வந்தா மொதல்ல எனக்குப் போடு. அவனுக்குப் போட்டுட்டு என்கிட்ட வந்து இளிக்காத."

எனக்கும் அந்த அரிப்பு இருந்தது. கெட்டுப்போன பொருளை விட, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பொருள் மேல்தான் என் கை போகும். ஓரிடத்தில் தங்காதவனின் வியாதி அது.

ஒரு சித்திரை மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது மேலேயே பெரிய எழுத்தில் இரண்டு என்று இருந்தது. இரண்டு, புள்ளி, பூஜ்யம், புள்ளி, பூஜ்யம். அதன் வாலில் ஒரு சின்னக் கோடும் இரண்டு ஆங்கில எழுத்தும் ஒன்று என்ற எண்ணும். பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஏதோ ஒரு சொல். கீழே பழைய ஒன்று புள்ளி நான்குக்குப் பச்சைக் கட்டம். இரண்டு கட்டத்தையும் என் கண் பார்த்தது. பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அதற்கும் கீழே ஒரு பக்கம் நிறைய ஆங்கிலம். அதைப் படிக்க எனக்கு அரை நாள் ஆகும். எழுதியவர்களுக்குத் தெரியாதா, எண் கொடுத்துவிட்டார்கள் அல்லவா என்று இறக்கிக்கொண்டேன்.

கடையில் ஒரு பெட்டியில் ஏற்றினேன். ஓடு என்றால் ஓடியது, நில் என்றால் நின்றது. போன் திரையும் அழகாக மாறியிருந்தது. இரண்டு வாரத்தில் பதினோரு கொட்டகைக்கும் போய், காசு வாங்காமல் மாற்றினேன்.

மாமா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"இது ரெண்டு மாமா."

"ரெண்டா?" கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். "சரி, போடு. நீ சொன்னா சரிதான்."

ஆனி மாதம், குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். மாமாவின் பம்பில் தண்டு சுழல்கிற இடத்தில் தண்ணீர் கசிந்தது. அங்கே ஒரு கயிறு சுற்றி, இரண்டு நட்டை வைத்து இறுக்கியிருக்கும். கயிறு தேய்ந்தால் நட்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். எல்லோரும் செய்கிற வேலை. போனில் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்பேனரோடு குனிந்திருக்கிறார். சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. நடுவில் கரண்ட் போயிருக்கிறது. விளக்கும் அணைந்திருக்கிறது. அவர் தலை தூக்கவில்லை. கரண்ட் போய் வந்தாலும் ஓடாது என்று நான்தான் சொல்லியிருந்தேனே. இரண்டு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. தானாகச் சுழன்ற தண்டு, தோளில் கிடந்த துண்டை முதலில் இழுத்து, துண்டோடு வலது கையை இழுத்தது.

அவருடைய சம்சாரம்தான் எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போப்பா, ஒன்னத்தான் கேக்குறாரு" என்றார்.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை முழுக்கத் துணி சுற்றிப் படுத்திருந்தார். இரண்டு விரல் இல்லை, மூன்றாவது மடங்காது என்று நர்ஸ் சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"மாப்ள, பழைய நம்பரு நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமாம் மாமா."

"அப்புறம் ஏன் மாத்துன?"

கோபமில்லை அந்தக் குரலில். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். கோபமாக இருந்திருந்தால் நான் அதை இந்நேரம் மறந்திருக்கலாம். இன்றைக்கும் எதையாவது மாற்றக் கை எடுக்கும்போது அந்தக் கேள்வி அதே குரலில், அதே ஆஸ்பத்திரி மருந்து வாடையோடு வந்து நிற்கிறது.

கடைக்குத் திரும்பி, மேசைமேல் இருந்த பெட்டியை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பிடுங்கிச் செருகினேன். ஒன்பது தடவை பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டு, சிவப்பு விளக்கோடு இருந்தது. பத்தாவது தடவை உள்ளேயிருந்து டக் என்று ஒரு சத்தம். சிவப்பு போய்ப் பச்சை எரிந்தது. சின்னச் சத்தம்தான், நாக்கைச் சொடுக்குவது போல. முன்னால் காயில் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சு, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

அதற்குப் பிறகு அந்த டக் என்ற சத்தம் பெட்டியில்லாத இடங்களிலும் கேட்க ஆரம்பித்தது. பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கும்போது, யாரோ பேனா மூடியை அழுத்தும்போது, சுவரில் பல்லி கொட்டும்போது. கேட்டதும் கை தானாக மடங்கிக்கொள்ளும்.

அன்றைக்கே அந்த இணையப் பக்கத்தில் கேள்வி கேட்கிற இடத்தில் எழுதினேன். தமிழில் எழுதி, போனில் ஆங்கிலமாக மாற்றி ஒட்டினேன். உங்கள் இரண்டாம் எண், நிறுத்திய மோட்டாரைத் தானாக ஓட்டியது, ஒரு மனிதருக்கு இரண்டு விரல் போய்விட்டது என்று எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. புரோகிராமை எழுதுகிறவர்களில் முக்கியமான ஒருவர் அனுப்பியிருந்தார். ஆணா பெண்ணா, வயது என்ன என்று இன்றைக்கும் தெரியாது. முதலில் அவர் கேட்டது, அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று. அடுத்துக் கேட்டது, நீங்கள் போட்டது சோதனை வெளியீடு என்று குறித்து வைத்திருந்ததா என்று.

போனின் கேமராவைத் திரைமேல் பிடித்து, அந்த ஆரஞ்சுக் கட்டத்தை அன்றைக்குத்தான் தமிழில் படித்தேன். கீழே இருந்த நீளமான ஆங்கிலத்தையும் வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது வரியில் இருந்தது. நிலையை நினைவில் வைக்கும் பகுதியை முழுதாக மாற்றி எழுதியிருக்கிறோம், கரண்ட் போய் வரும்போது எப்படி நடக்கிறது என்று போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், மோட்டார், ஹீட்டர் போன்றவற்றில் இதை இப்போது போடாதீர்கள். வாலில் இருந்த அந்த இரண்டு எழுத்துக்கும் அர்த்தம் அதுதானாம். வெளியிடலாமா என்று பார்க்க வைத்திருப்பது, தேறினால் வாலை வெட்டிவிட்டு வெறும் எண்ணாக வெளியே விடுவார்களாம். பச்சைக் கட்டம்தான் நம்பி எடுக்க வேண்டியது.

எங்கள் ஊரில் முதலில் சோதனை, பிறகு எண். அங்கே எண்ணை முதலிலேயே கொடுத்துவிட்டு, வாலில் ஒரு குறியைத் தொங்கவிட்டு, எடுத்துப் போகிறவனையே சோதித்துச் சொல்லச் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆள் இல்லாத, பண்ணை இல்லாத, சம்பளம் இல்லாத வேலைக்கு வேறு வழி கிடையாது. வரப்பில் போர்டும் நட்டுத்தான் வைத்திருந்தார்கள். நான் போர்டைப் படிக்காமல் வயலில் இறங்கி, பதினோரு பேருடைய கொல்லையையும் சோதனை வயலாக்கிவிட்டேன். அந்தப் பதினோரு பேரிடமும் யாரும் கேட்கவில்லை.

நான் அவருக்கு, தப்பு என் மேல்தான் என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் அந்த இரண்டாம் எண்ணைப் பக்கத்திலிருந்தே தூக்கியிருந்தார். மேலே, பெரிய எழுத்தில், எச்சரிக்கை போட்டிருந்தார். எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார். உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள், எழுதிக் கொடுங்கள், மேலேயே போடுகிறேன். யோசித்து எழுதிக் கொடுத்தேன். இது இன்னும் சோதனையில் இருக்கிறது, மனிதர் கை வைக்கிற எந்த இயந்திரத்திலும் மாட்டாதீர்கள். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிற ஒரே தமிழ் வரி அதுதான்.

பிறகு ஒன்று கேட்டார். மொத்தம் எத்தனை இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள்?

பதினொன்று என்றேன். எத்தனையைப் பழைய எண்ணுக்குத் திருப்பிவிட்டீர்கள்? பத்து. மீதி ஒன்று? தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பத்தைத் திருப்பியதும் லேசில் நடக்கவில்லை. மாமா கொட்டகையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகப் போனேன். கும்பகோணம் ரோட்டில் ஒருவர், "ரெண்டுலேர்ந்து ஒண்ணுக்கு எறக்குறியா? எல்லாரும் மேல போறான், நீ என்னைய மட்டும் கீழ தள்ளுற" என்று கொட்டகைச் சாவியைத் தர மறுத்தார். விரல் கதையைச் சொன்னதும் சாவியைத் தூக்கி என் மடியில் போட்டார். இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, அதான் ரெண்டு நாளு தானா ஓடி நாத்தங்கால மூழ்கடிச்சுதா? எம்மவன்தான் போன்ல தட்டிட்டான்னு அவன அடிச்சு, அவன் சோறு திங்காம கெடந்தான்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பொட்டி தப்புப் பண்ணும்னு நீ எங்கடா சொன்ன? நீ சொன்னத நம்பி நான் புள்ளைய அடிச்சேன்."

பதினோராவது பெட்டியை வாங்கிய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். அக்கா, கணவர் இறந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தனியாகச் செய்தார். மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். மோட்டாருக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மூன்று நாள் இழுப்பார்கள், அதற்குள் பயிர் காய்ந்துவிடும் என்று எல்லாவற்றையும் தானே கற்றுக்கொண்டவர். நட்டு இறுக்குவது, கயிறு மாற்றுவது, பம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுப்பது எல்லாம் அவரே. பதினோரு பேரில் மோட்டாரில் அதிகம் கை வைக்கிறவர் அவர்தான்.

காலிக் கொட்டகைக்குப் பக்கத்து வயல்காரர், குத்தகை முடிந்துவிட்டது, அந்தம்மா எங்கேயோ தெற்கே ஒரத்தநாட்டுப் பக்கம் போய்விட்டது, போகும்போது தான் மாட்டின பெட்டி, குழாய், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனது என்றார். எந்த ஊர் என்று தெரியாது.

வண்டியில் பழைய புரோகிராம் ஏற்றிய ஒரு போர்டை வைத்துக்கொண்டு கிளம்பினேன். மோட்டார் கடை, உரக்கடை, விதை டிப்போ என்று கேட்டுக்கொண்டே போனேன். தனியாகக் குத்தகை செய்கிற அம்மா, தானே மோட்டார் கழற்றுவாங்க என்று சொன்னால், இரண்டு இடத்தில் வேறு இரண்டு அம்மாக்களைக் காட்டினார்கள். அப்படி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ தெரியவில்லை.

நான்கு நாள் அலைந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சை நாற்றும், உழுத சேறும், நடுவில் கொட்டகைகளும். ஓடுகிற மோட்டார் எனக்குப் பயமாக இல்லை. அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சத்தமில்லாத கொட்டகையைக் கண்டால்தான் வண்டி நின்றது. இறங்கி வரப்பில் நடந்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். பூட்டியிருந்தால் கதவிடுக்கில் கண்ணை வைப்பேன். ஒரு கொட்டகையில் ஒரு ஆள் பம்பின் மேல் குனிந்திருந்தார். சுவரில் என் பெட்டி இல்லை. இருந்தும் அவர் நிமிரும் வரை நான் அங்கேயே நின்றேன்.

"என்னய்யா வேணும்?"

"ஒண்ணுமில்லங்க. நீங்க முடிங்க."

"நீ நின்னா நான் எப்படி முடிக்கிறது? யாரு நீ, கரண்ட் ஆபீஸா?"

இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் ஏதோ வைதுகொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, ஒரத்தநாடு தாண்டி ஒரு பால் வண்டி டிரைவர் சொன்னார். அந்தம்மா மாடு ரெண்டு வெச்சிருக்கு, நமக்குத்தான் பால் ஊத்துது, கொல்லை அய்யனார் கோயிலுக்கு அப்பால என்று வழி காட்டினார்.

வாய்க்கால் கரையோடு வண்டி போகிற வரை போய், பிறகு நடந்தேன். கொட்டகையில் மோட்டார் சத்தம் இல்லை. கதவு திறந்திருந்தது. வாசலுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது சுவரில் என் பெட்டி. விளக்கு எரியவில்லை. அடுத்தது அக்காவின் முதுகு. தரைக்குக் கீழே தோண்டிய குழிக்குள், பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில், இரண்டு கையும் முழங்கை வரை உள்ளே.

கத்தினால் திடுக்கிட்டுக் கை எங்கேயாவது மாட்டும் என்று தோன்றியது. மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா. கைய வெளிய எடுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இரு, ஒரு நட்டு இருக்கு."

"எடுங்கக்கா. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்போதுதான் குரலை அடையாளம் கண்டு தலையைத் தூக்கினார். "தம்பியா? எங்கேர்ந்து வர்ற? ஏன் இப்படி வேத்துப்போயி நிக்கிற?"

"அந்தப் பொட்டி தானா ஓட்டிரும்க்கா. கரண்ட் வந்தா."

"தெரியுமே" என்றார். "நாலு தடவ ஓட்டிருச்சு."

கிரீஸ் படிந்த கையை வெளியே எடுத்து, இடுப்பில் செருகியிருந்த சேலையை விரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக மூன்று ஃபியூஸ் கட்டைகள். மீட்டர் பலகையிலிருந்து மூன்றையும் பிடுங்கிக்கொண்டுதான் குழிக்குள் இறங்கியிருக்கிறார். கரண்ட் வந்தாலும் மோட்டாருக்கு வர வழியில்லை.

கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ என்ன நெனச்ச? ஒன்னோட வௌக்க நம்பி நான் கைய விடுவேன்னா?"

"மத்தவங்க எல்லாம் விட்டாங்கக்கா."

அது உண்மை. முன்பெல்லாம் எல்லோரும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். ஆட்டோ சுவிட்சை யாரும் நம்பியதில்லை. என் பெட்டி வந்து, அது நினைவு வைத்துக்கொள்ளும் என்று நான் சொல்லி, இரண்டு வருடத்தில் அந்தப் பழக்கத்தை அழித்துவிட்டது. மாமாவிடம் அந்தப் பழக்கம் இருந்தது. நான்தான் அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாமாவின் கையைப் பற்றிச் சொன்னேன். அக்கா குழியின் விளிம்பில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"எந்தக் கை?"

"வலது."

அக்கா கிரீஸ் படிந்த தன் வலது கையைச் சேலையில் துடைத்தார். பிறகு, "தானா ஓடுச்சுன்னு நான் ஒனக்குச் சொல்லியிருக்கணும். போனு வாய்க்கால்ல விழுந்துருச்சு, நம்பரெல்லாம் அதோட போச்சு. நமக்குத்தான் தெரியுமே, பாத்துக்குவோம்னு விட்டுட்டேன். இன்னொருத்தனுக்கும் அதே பொட்டிதான்னு நெனைக்கல" என்றார்.

அக்காவின் பெட்டி முதலில் தானாக ஓடியது எப்போது என்று கேட்டேன். வைகாசிக் கடைசியில் என்றார். மாமாவின் கை போனது ஆனியில். நாங்கள் இரண்டு பேருமே அந்தக் கணக்கைப் போட்டோம். இணையத்தில் அந்த மனிதர் சோதனை என்று எழுதி, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பார்த்தவர் இங்கே ஒரத்தநாட்டுக்கு அப்பால் இருந்தார். சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

போர்டை மாற்றினேன். மூடியைப் போடும் முன் அக்கா கேட்டார்.

"இப்ப போட்டது என்ன?"

"பழசுக்கா. ஒன்று புள்ளி நாலு. பச்சைக் கட்டம் போட்டது, நெறய பேரு வருஷக்கணக்கா ஓட்டினது."

"அவங்க ஓட்டுனாங்க சரி. நீ பாத்தியா?"

"கடையில பாத்தேன்."

"எத்தன தடவ?"

இருபது என்றேன். அக்கா மெயின் சுவிட்ச் இருந்த பக்கம் முகவாயால் காட்டினார்.

"இங்க பாரு. என் கண்ணு முன்னாடி."

கரண்ட் வரும் வரை காத்திருந்தோம். ஃபியூஸ் கட்டைகள் அவர் இடுப்பிலேயே இருந்தன. பெட்டிக்கு மட்டும் தனியாக ஒயர் எடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சுவிட்சைக் கீழே தள்ளி, மேலே தள்ளி, நின்று கேட்டேன். டக் வரவில்லை. மறுபடி. அக்கா உழவு மண்கட்டி ஒன்றை உடைத்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு துண்டைக் குழி விளிம்பில் வைத்தார். முப்பதில் என் கை வலித்தது. ஐம்பதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "நிறுத்தாத" என்றார். ஒவ்வொரு தடவையும் கரண்ட் வந்து சேருகிற அந்த ஒரு நொடியில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நூறு வரை டக் வரவே இல்லை.

"சரி, மூடு" என்றார். "ஆனா நான் ஃபியூஸப் புடுங்கிட்டுத்தான் கை வெப்பேன்."

"அப்படியே பண்ணுங்க."

பெட்டி மூடியில் எண் எழுதியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்தேன். அந்த இடத்தில் பெயின்ட் பேனாவால் எழுதினேன். இதை நம்பிக் கை வைக்காதீர்கள், ஃபியூஸைப் பிடுங்குங்கள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இப்படி எழுதுனா எவன் வாங்குவான்?" என்றார். அதன் பிறகு நான் பெட்டி விற்கவில்லை.

மற்றப் பத்துக் கொட்டகைக்கும் திரும்பிப் போய் அதையே எழுதினேன். மாமா கொட்டகைக்குக் கடைசியாகப் போனேன். எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டேன். நடவு முடித்த வயலில் தண்ணீர் பளபளத்தது. அவர் இடது கையால் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் தட்டப் பழகிக்கொண்டிருந்தார். நான் எழுதி முடிக்கும் வரை பின்னால் நின்று பார்த்தார்.

"ஃபியூஸப் புடுங்க ரெண்டு கை வேணுமே மாப்ள" என்றார்.

அவருடைய மீட்டர் பலகை பழசு, கட்டை இறுகிப்போயிருந்தது. ஒரு கையால் பலகையை அழுத்திக்கொண்டு மறு கையால்தான் இழுக்க வேண்டும். இழுத்துப் பார்த்தேன், எனக்கே வரவில்லை. மறுநாள் போய், இடது கைக்கு எட்டுகிற உயரத்தில், கீழே இழுத்தால் அணைகிற கைப்பிடி சுவிட்ச் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு தடவை இழுத்தார். பிறகு மேலே தள்ளி, மறுபடி இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.